குடும்ப நலம்: மருந்துக்குப் பின்னும் எஞ்சும் கலக்கம்



கடற்கரைப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். வயது நாற்பத்தொன்று, ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய். தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டுள்ளார். அவர் விருப்பத்தை மதித்து, மடலின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம். இதே கலக்கத்தை வாய்விட்டுச் சொல்லாமல் சுமந்துகொண்டு, ஞாயிறுதோறும் நம் பக்கத்தில் முழந்தாளிடுவோர் பலர் உளர். ஆதலால் இம்மறுமொழி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, திருப்பலியில் காணிக்கைப் பவனி நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய நெஞ்சு திடீரெனப் படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, கைகள் மரத்தன, கண்கள் இருண்டன. தாம் அங்கேயே இறந்துவிடப் போவதாக அவர் எண்ணினார். கணவர் பதறிப்போய் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், இதயத்தில் குறை ஏதும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆயினும் அடுத்த இரண்டு மாதங்களில் அதே நிலை பன்முறை திரும்பிற்று. இறுதியில் மனநல மருத்துவர் ஒருவர் இது பதற்ற நோய் எனக் கண்டு, நாள்தோறும் உண்ண ஒரு மாத்திரை எழுதித் தந்தார். மாத்திரை தொடங்கி இப்போது ஐந்து மாதங்கள் ஆகின்றன.

"முக்கால் பங்கு போய்விட்டது, கால் பங்கு மட்டும் போக மறுக்கிறது" என்கிறார் அச்சகோதரி. விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பேருந்தில் ஏறுமுன் வயிறு புரட்டுகிறது. கோயிலில் கடைசி வரிசையில், கதவோரமாக அன்றி வேறெங்கும் அவரால் அமர இயலவில்லை. இதனிடையே அவருடைய நாத்தனார் ஒரு நாள், "உண்மையான விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு? வருகிற தவக்காலத்தில் அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல் மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. யாரும் காணாத வேளையில் எடுத்து உண்கிறார். "சாம்பல் புதன் அன்று நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். நான் செய்வது சரிதானா?" என்பதே அவர் வினா.

சகோதரி, நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு, காரணங்களைப் பின்னர் சொல்கிறோம்.

விசுவாசக் குறைவா?

அச்சம் என்பது இறைவன் நம் உடலில் கட்டித் தொங்கவிட்டுள்ள ஆபத்து மணி. பாம்பு காலடியில் ஊர்ந்தால் அம்மணி அடிக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகம் கொள்கிறது, ஓடவோ எதிர்க்கவோ தசைகள் முறுக்கேறுகின்றன. இம்மணி இல்லாதிருப்பின் மனிதகுலம் என்றோ அழிந்திருக்கும். பதற்ற நோய் என்பது, தீ எதுவும் இல்லாத வேளையிலும் அம்மணி தானே அடித்துக்கொள்ளும் நிலை. மணி பழுதுபட்டால் கோயிலின் புனிதத்தைக் குறை கூறுவோர் உண்டோ? அவ்வாறே மூளையின் எச்சரிக்கை அமைப்பு தடுமாறும்போது ஒருவருடைய விசுவாசத்தைக் குறை கூறுவது முறையன்று.

கெத்சமனித் தோட்டத்தை நினைவுகூருங்கள். நம் ஆண்டவரே அங்கு மனக்கலக்கம் உற்றார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப் போல் நிலத்தில் விழுந்ததை நற்செய்தியாளர்களுள் புனித லூக்கா ஒருவரே குறிப்பிடுகிறார். அவரைப் புனித பவுல் அன்புக்குரிய மருத்துவர் என அழைப்பதைக் கொலோசையருக்கு எழுதிய மடலில் காண்கிறோம். அத்தோட்டத்தில் ஆண்டவரைத் திடப்படுத்த வானதூதர் ஒருவர் வந்தார் என்றும் லூக்கா எழுதுகிறார். ஆண்டவர் அத்துணையை வேண்டாமென்று விலக்கவில்லை.

சீராக்கின் ஞான நூலின் 38ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் அனைவரும் கூடி வாசியுங்கள். மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மருந்துகள் இறைவன் நிலத்தினின்று தோற்றுவித்தவை என்றும், அறிவுடையோர் அவற்றை வெறுக்கலாகாது என்றும் அது போதிக்கிறது. நோயுற்றோர் இறைவனை மன்றாட வேண்டும் என்பதையும், மருத்துவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே அதிகாரம் அடுத்தடுத்துக் கூறுகிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட அங்கே இடமில்லை.

மேலும் ஒரு சான்று. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 919ஆம் சட்டம் நற்கருணை நோன்பைப் பற்றியது. நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உணவையும் பானத்தையும் தவிர்க்கச் சொல்லும் அச்சட்டம், தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு அளிக்கிறது. ஆண்டவரின் திருவுடலை வாங்குமுன்னர்கூட மருந்தை விலக்கச் சொல்லாத திருச்சபை, தவக்காலத்தில் அதை விட்டுவிடுமாறு கேட்குமோ?

மன்ரேசாவில் நடந்தது

இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்விலும் இத்தகைய இருண்ட நாட்கள் இருந்தன. 1522ஆம் ஆண்டு மன்ரேசா என்னும் ஊருக்கு வந்து தங்கியிருந்த காலத்தில், தம் பழைய பாவங்களை முழுமையாக அறிக்கையிட்டோமா இல்லையா என்ற ஐயம் அவரை வாட்டி வதைத்தது. பாவசங்கீர்த்தனம் செய்தும் ஐயம் தீரவில்லை. அவர் தங்கியிருந்த அறையில் ஒரு பள்ளம் இருந்தது. அதனுள் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற சோதனைகூட அவருக்கு வந்தது. இறைவன் இத்துன்பத்தை நீக்கும்வரை உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை என்று உறுதிபூண்டு ஒரு வாரம் நோன்பிருந்தார். அவருடைய ஆன்மகுருவோ, அந்நோன்பை உடனே முறிக்கும்படி கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. உடலையும் உள்ளத்தையும் வருத்துவதெல்லாம் புண்ணியமாகிவிடாது. துன்பத்தில் இருப்பவர் தம் ஒறுத்தலைத் தாமே தனித்து முடிவு செய்தல் ஆபத்தானது. அக்காலத்தில் இஞ்ஞாசியாருக்கு ஆன்மகுரு சொன்னதை, இக்காலத்தில் உங்கள் ஆன்மகுருவும் மருத்துவரும் ஒருசேரச் சொல்வார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. மற்றொன்றும் கவனியுங்கள். நோன்பை முறித்தபின் இரண்டு நாட்கள் அவர் உள்ளம் தெளிந்திருந்தது. மூன்றாம் நாள் கலக்கம் திரும்பிற்று. முழு விடுதலை பின்னரே கிட்டியது. தணிந்த கலக்கம் மீண்டும் தலைதூக்குவது புனிதர்களுக்கும் நேர்ந்ததே.

மருந்து செய்வதும் செய்யாததும்

பதற்ற நோய்க்கு இன்று பெரும்பாலும் முதலில் தரப்படுபவை செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள். மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்னும் பொருள் விரைவில் உறிஞ்சப்பட்டு மறைவதை இவை குறைக்கின்றன. தலைவலி மாத்திரைபோல் அரைமணியில் வேலை செய்பவை அல்ல இவை. பலன் தெரியத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். முழுப் பலனை மதிப்பிட அதனினும் கூடுதலான காலம் வேண்டும். தொடக்க நாட்களில் குமட்டலும் சற்றே கூடுதலான படபடப்பும்கூட உண்டாகலாம். இதை அறியாமல் முதல் வாரத்திலேயே மாத்திரையைத் தூக்கி எறிந்தோர் பலர்.

இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு முதலியன தோன்றலாம். சில வாரங்களில் நோயே திரும்பவும் கூடும். ஆகவே, நலமடைந்த பின்னும் பல மாதங்கள் மருந்தைத் தொடர்ந்து, பின்னர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே மருத்துவர்கள் நிறுத்துகிறார்கள். "நன்றாகிவிட்டதே, இனி எதற்கு?" என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, நாமே விடை சொல்லிக்கொள்ள வேண்டியதன்று.

அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை வேறு வகை மாத்திரைகள். இவை விரைவில் அமைதி தருவன. ஆனால் பழக்கமாகிவிடக் கூடியவை. எனவே, குறுகிய காலத்துக்கே பெரும்பாலும் தரப்படுகின்றன. இவற்றை நீண்டநாள் உண்டபின் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. அண்டை வீட்டார் கொடுத்தார், பழைய சீட்டு இருந்தது என்று இவற்றை உண்பது பெருந்தவறு.

கால் பங்கு ஏன் நிற்கிறது?

"ஆறின புண்ணிலும் அசடு நிற்கும்" என்பது நம் முன்னோர் மொழி. மருந்து உண்டும் கலக்கம் எஞ்சுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். மறைத்து வைத்து உண்பதால், நாள் தவறி உண்ண நேர்ந்திருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும், நாளைக்கு ஐந்தாறு குவளை குடிக்கும் கடுங்காப்பியும் அவ்வாறே செய்யும். நாற்பதைக் கடந்த பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது உறக்கமும் மனநிலையும் மாறுவதுண்டு. இவற்றையெல்லாம் மருத்துவரே ஆராய வேண்டும்.

மற்றொரு காரணம், அச்சம் நமக்குக் கற்பித்துவிட்ட பழக்கம். கதவோரம் அமர்ந்த அன்று ஒன்றும் நேரவில்லை. ஆதலால் கதவோரமே காப்பாற்றியது என்று உள்ளம் எண்ணிக்கொள்கிறது. அடுத்த வாரம் நடுவரிசையைப் பார்க்கும்போதே அஞ்சுகிறது. விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் அச்சத்துக்கு நாமே தீனி போடுகிறோம். மருந்து அலையின் வேகத்தைத் தணிக்கும். நீந்தக் கற்பது நம் வேலை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாத்திரையை நாள்தோறும் ஒரே வேளையில் உண்ணுங்கள். காலைச் செபத்தோடோ இரவுச் செபத்தோடோ அதை இணைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாக உண்ணக் கூடாது.

இரண்டாவதாக, சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சம் வந்த நாள், இடம், எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று உறக்கம் எவ்வாறு இருந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் காட்டி, "முக்கால் பங்கு நலம், கால் பங்கு எஞ்சுகிறது" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பரவாயில்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் அவர் எப்படி உதவுவார்? எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகத் திருத்தும் பேச்சுச் சிகிச்சை ஒன்று உண்டு. மருந்தோடு அதையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பதற்ற நோய்க்கு அது நன்கு பயன்படுவது ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது.

மூன்றாவதாக, கோயிலில் வரிசை வரிசையாக முன்னேறுங்கள். வரும் ஞாயிறு கடைசி வரிசைக்கு முந்தியதில் அமருங்கள். நெஞ்சு படபடத்தால் எழுந்து ஓடாதீர்கள். இத்தகைய திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தானே இறங்கும். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிட்டுக்கொண்டு, அது இறங்கும்வரை அமர்ந்திருங்கள். அந்த வரிசை பழகிய பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். பேருந்துக்கும் இதுவே வழி: முதலில் ஒரு நிறுத்தம், பின்னர் இரண்டு.

நான்காவதாக, கவலைக்கு ஒரு நேரம் குறியுங்கள். மாலை ஐந்து மணி முதல் ஐந்தேகால் வரை என்று வைத்துக்கொள்வோம். மற்ற வேளையில் கவலை வந்தால் தாளில் குறித்துவிட்டு, "ஐந்து மணிக்கு வா" என்று அனுப்பிவிடுங்கள். ஐந்து மணிக்குத் தாளை எடுத்துப் பார்க்கும்போது, பாதிக் கவலைகள் வலுவிழந்திருக்கக் காண்பீர்கள். மீதியில் செயலால் தீர்க்கக் கூடியவற்றுக்குச் செயலைத் தேடுங்கள். மற்றவற்றை இறைவன் திருமுன் வையுங்கள்.

ஐந்தாவதாக, நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து வாருங்கள். நண்பகலுக்குப் பின் காப்பி வேண்டாம். விடியற்காலை விழிப்பு வந்தால் கைப்பேசியைத் தொடாதீர்கள்.

செபத்தைப் பற்றியும் ஒரு சொல். செபமாலை மனத்துக்கு ஆறுதல் தருவது, அதை விடாதீர்கள். ஆனால், "இத்தனை மணி சொன்னால் இந்த அச்சம் போகவேண்டும்" என்று கணக்கு வைத்துச் சொன்னால் செபம் மந்திரமாகிவிடும்; அச்சம் போகாதபோது குற்ற உணர்வும் வந்து சேரும். அச்சம் இருக்கும்போதே, அந்த அச்சத்தோடு ஆண்டவர் முன் அமர்ந்திருப்பதும் செபந்தான். தோட்டத்தில் அவரும் அவ்வாறே செபித்தார்.

வீட்டாருக்கு ஒரு சொல்

நாத்தனார் தீய எண்ணத்தால் அவ்வாறு சொன்னார் என்று நாம் கருதவில்லை. நோயாளிக்கு நன்மை விரும்பியே பலரும் இப்படிப் பேசுகிறோம். ஆனால் நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றிக்கொள்பவரிடம், "தவக்காலத்தில் அதை விட்டுவிடு" என்று யாரேனும் சொல்வோமா? உள்ளத்தின் நோய்க்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்? மகள் திருமணத்துக்கு இடையூறாகுமோ, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் வீட்டாருக்கும் இருக்கிறது. அவ்வச்சத்தின் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றுதல் நீதியாகாது.

கணவர்மாரே, "இதற்கெல்லாமா பயம்?" என்று கேட்காதீர்கள். அதே வேளையில், மனைவி அஞ்சுகிறாள் என்று கடைக்கும் பள்ளிக்கும் அவருக்குப் பதிலாக நீங்களே போய்வராதீர்கள். அவரோடு செல்லுங்கள், பேருந்தில் அருகில் அமருங்கள், அடுத்த வாரம் ஓர் இருக்கை தள்ளி அமருங்கள். ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டதும் தம்முடன் விழித்திருக்குமாறுதான். அறிவுரை கூறும்படி அவர்களை அவர் கேட்கவில்லை.

தியானம் நடத்தும் குருக்களையும் செபக் கூட்டங்களை நடத்துவோரையும் நாம் பணிவுடன் வேண்டுவது ஒன்று உண்டு. மருந்தை நிறுத்தியவர்களின் சாட்சியத்தை மேடையில் கேட்கச் செய்யும் நீங்கள், மருந்தை ஒழுங்காக உண்டு நலமடைந்தவர்களையும் ஒரு முறை பேசச் செய்யுங்கள். அதுவும் இறைவனுக்கு மகிமையே.

விரைய வேண்டிய வேளை

உழைக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சுவலி வந்தாலும், வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலும், இது பதற்றந்தான் என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருவுற்றிருப்போர் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரை உடனே காண வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் அதை மறைக்காதீர்கள். வீட்டார் அவரைத் தனியே விடலாகாது. நடுவண் அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மருத்துவச் செலவுக்கு அஞ்சுவோர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநல மருத்துவச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது.

சகோதரி, தவக்காலத்தில் எதையேனும் ஒறுக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பம் நல்லது. ஆகவே நாமே ஒன்று சொல்கிறோம். மாத்திரையை அன்று, அதை மறைத்து வைக்கும் வெட்கத்தை ஒறுத்துவிடுங்கள். சாம்பல் புதன் அன்று அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அவ்வட்டையை எடுத்து, இரவில் குடும்பச் செபம் சொல்லும் இடத்தருகே, சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், எல்லாரும் காண வையுங்கள். நாத்தனார் கேட்டால், "மருத்துவர் சொன்னார், சாமியாரும் சரி என்றார்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்குமுன் உங்கள் பங்குத் தந்தையிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

பாஸ்கு ஞாயிறு அன்று நீங்கள் எந்த வரிசையில் அமர்ந்தீர்கள் என்று நமக்கு எழுதுங்கள். முதல் வரிசையை எட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. கதவிலிருந்து இரண்டு வரிசை முன்னால் வந்திருந்தாலும், அச்செய்தி நமக்கு மகிழ்ச்சி தரும்.